தீவகத்துப் பின்னற் கலையும் அதன் வரலாறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கடலிற் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டு வழங்கினர். வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய பெருந்தீவு லைடன் எனப்பட்டது. இக்காலத்துக் காரைநகர் அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் என்றும், அனலைதீவு றொட்டர்டாம் என்றும், நயினாதீவு ஹார்லெம் என்றும், நெடுந்தீவு டெல்வ்ற் என்றும் பெயர் பெற்றன. இவற்றுள் டெல்வ்ற் என்னும் ஒன்றே இன்றுவரை ஆங்கில வழக்கில் நிலைத்துள்ளது. ஒல்லாந்து நாட்டு லைடன் கம்பளித் துணிக்குப் புகழ்பெற்ற நகரம்; ஹார்லெம் சணல்நூற் சீலையை வெளுக்குந் தொழிலாற் செல்வம் ஈட்டிய நகரம். பெயரிட்டோர் துணியை எண்ணிப் பெயரிட்டனரல்லர். எனினும், இழையோடும் முடிச்சோடும் நீண்ட தொடர்புடைய தீவுகளுக்கு நெசவு நகரங்களின் பெயர்கள் வாய்த்தமை ஒரு பொருத்தமேயாம்.

தீவகத்தைப் பற்றிய வரலாற்று நூல்கள் துறைமுகங்களையும் கோட்டைகளையும் கோயில்களையும் விரித்துரைக்கின்றன. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் 12ஆம் நூற்றாண்டில் ஊராத்துறைக்கு வந்த பிறநாட்டு வணிகரையும், யானை குதிரை ஏற்றிவந்து உடைந்த கப்பல்களையும் பற்றிப் பேசுகின்றது. ஊராத்துறையே பின்னர் ஊர்காவற்றுறை ஆயிற்று. போர்த்துக்கேயர் அதனை யானைத்துறை என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். துறையைக் குறித்த அவர்தம் சொல்லே கயிற்ஸ் எனத் திரிந்தது என்பர். கப்பல்களும் யானைகளும் ஏட்டில் ஏறின. அத்துறையருகே வாழ்ந்த பெண்களின் விரல்கள் செய்தவை ஏட்டில் ஏறவில்லை. மேசை விரிப்பும், தலையணை உறையின் ஓரமும், குழந்தையின் தொப்பியும் வரலாற்றுப் பொருளாகுமா என்று வினவுவோர் உளர். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய பின்னல்கள்

கொக்கியூசி வருமுன்னரே தீவகத்தில் இருவகைப் பின்னல் செழித்திருந்தது. ஒன்று வலை, மற்றொன்று பன்னவேலை.

வலை முடிதல் கடற்றொழில் செய்வோரின் கைத்திறன். வலையூசியில் நூலைச் சுற்றி, ஓர் அளவுச் சட்டத்தின்மீது கண் கண்ணாக முடிந்து செல்வது அதன் முறை. ஒவ்வொரு கண்ணும் தனி முடிச்சால் நிற்பது. ஆதலின் மீன் ஒரு கண்ணை அறுத்தாலும் அயற்கண்கள் குலைவதில்லை. எந்த மீனுக்கு எந்தக் கண் என்பதைத் தொழிலாளி கணக்கறிந்து முடிவான். நைலோன் வலை ஆலையிலிருந்து வந்த பின்னர் முடியும் வேலை அருகிற்று. கிழிந்ததைப் பொத்தும் வேலை மட்டும் எஞ்சியது.

பன்னவேலை பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது. பனையின் குருத்தோலையையும் சார்வோலையையும் வெயிலிற் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிப் பின்னுவர். கடகம், பெட்டி, நீற்றுப்பெட்டி, கொட்டைப்பெட்டி, உமல், பாய் என அதிற் பிறக்கும் பொருள்கள் பல. ஓலைக்குச் சாயம் ஏற்றி, நிறம் மாறி மாறி வருமாறு கட்டமிடும் வழக்கமும் உண்டு. இங்கே கவனிக்கத் தக்கது கணக்கு. பெட்டியின் அடியை எத்தனை ஓலையால் தொடங்குவது, மூலையை எங்கே மடக்குவது, நிறம் எத்தனையாம் ஓலையில் மாறுவது என்பவற்றைப் பின்னுபவள் எழுதி வைப்பதில்லை. தாய் மகளுக்குக் கையாற் காட்டுவாள். மகள் விரலால் நினைவிற் கொள்வாள். முற்றத்தில் புள்ளி எண்ணிக் கோலமிடும் கைக்கு இக்கணக்கு எளிது.

துணியோடும் இத்தீவுகளுக்குத் தொடர்பு இருந்தது. மன்னாரிலும் வன்னிக் கரையிலும் தீவகத்து மணற்பாங்கான நிலங்களிலும் சாயவேர் என்னும் சிறு செடி வளர்ந்தது. இம்பூறல் என்பது அதன் மறுபெயர். அதன் வேரைக் கிண்டி எடுத்துப் படிகாரத்தோடு சேர்த்தால் பருத்தித் துணி செந்நிறம் பெறும். வேர் கிண்டுதல் ஒரு குலத்தாருக்குரிய ஊழியமாக விதிக்கப்பட்டது. ஒல்லாந்தர் அவ்வேரைத் தம் தனியுரிமையாக்கினர். 1697ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கொமாண்டர் சுவார்டக்குறோன் எழுதிய அறிவுறுத்தற் குறிப்பிலும் சாயவேர் இடம்பெற்றது. அச்செந்நிறத்துக்கு மூலமான பொருளை 1868இல் ஜேர்மன் இரசாயன அறிஞர் கிறேபேயும் லீபர்மனும் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டனர். அதன் பின்னர் வேரைத் தேடுவார் இலர் ஆயினர். ஆய்வுக்கூடத்தில் எழுந்த ஓர் அறிவு கடல் கடந்து கைத்தொழிலொன்றை அழித்தமைக்கு இது தக்க சான்று.

சொற்கள் தரும் சான்று

ஏட்டுச் சான்று குறைந்தவிடத்துச் சொற்கள் துணைசெய்யும். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்ட போர்த்துக்கேயர் 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். நாற்பது ஆண்டுக்குக் குறைவான அவ்வாட்சியும், அதற்கு முன்னரும் பின்னரும் நிகழ்ந்த சமயத் தொடர்பும், வணிகமும் யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஆழ்ந்த சுவடு பதித்தன. துவாய், லேஞ்சி, பொத்தான், மேசை, அலுமாரி, சப்பாத்து ஆகிய சொற்கள் அவ்வழி வந்தவை. அவற்றோடு வந்ததே ரேந்தை என்பதும். ‘ரெந்தா’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. துணியின் ஓரத்தில் தைக்கும் துளைப்பின்னலைக் குறிக்கும். சிங்களத்திலும் ‘ரேந்த’ என்றே வழங்கும். காலி, வெலிகமைப் பகுதிகளில் தலையணைமீது மரக்கோல்களை மாற்றி மாற்றிச் செய்யும் ரேந்தைக்குப் ‘பீரளு’ என்பது பெயர். அதுவும் நூற்கோலைக் குறிக்கும் ‘பில்ரோ’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லடியாகப் பிறந்ததே.

இதுகொண்டு குறோசே எனப்படும் கொக்கியூசிப் பின்னலும் போர்த்துக்கேயர் காலத்தே இங்கு வந்ததெனக் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. ஐரோப்பாவிலேயே அப்பின்னலின் அச்சிட்ட மாதிரிகள் முதன்முதல் 1820களில்தான் ஒல்லாந்துப் பெண்களுக்கான ‘பெனலொப்பே’ என்னும் சஞ்சிகையில் வெளிவந்தன. அதற்கு முன்னர் ரேந்தை என வழங்கியது தலையணையில் மரக்கோல்களாற் செய்ததும், தையலூசியாற் செய்ததுமே. ஆகவே சொல் பழையது, கொக்கியூசி புதியது. பழைய பெயரைப் புதிய பொருள் ஏற்றுக்கொண்டது. ஒல்லாந்தர் ஆட்சி 1795இல் முடிவுற்றமையால், கொக்கியூசி இங்கு வந்தது பிரித்தானியர் காலத்தே என்பது பெறப்படும். அதனைக் கொணர்ந்தது பாடசாலை.

பாடசாலையும் ஊசியும்

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1824இல் உடுவிலில் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலை தொடங்கிற்று. பிற்காலத்தில் தமிழ் ஆங்கில அகராதியால் அறியப்பட்ட மைறன் வின்சிலோவின் மனைவியார் ஹரியற் வின்சிலோ 1833இல் மறையும்வரை அதனை நடத்தினார். எலைசா அக்னியூ அம்மையார் 1842 முதல் 1879 வரை அதற்குத் தலைமை தாங்கினார். பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று கேட்ட பெற்றோரும் தையல் கற்பதை மறுத்திலர். எழுத்துக்கு வாயில் திறந்தது ஊசி எனின் மிகையாகாது.

இதே காலத்தில் தமிழகத்தின் தென்கோடியில் நிகழ்ந்தது ஒப்புநோக்கத் தக்கது. இலண்டன் மிசனைச் சேர்ந்த மார்த்தா மோல்ற் அம்மையார் நாகர்கோவிலில் 1821இல் பெண்களுக்கு ரேந்தை வேலை பயிற்றத் தொடங்கினார். அவர் மகள் எலைசா 1844இல் றொபேட் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியில் அதே தொழிலைப் பரப்பினார். திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவிய காலம் அது. 1855இலேயே அது அங்கு ஒழிக்கப்பட்டது. ரேந்தை விற்ற பணத்தால் அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். அவ்வம்மையார் மதம் மாறிய பெண்களுக்கெனச் சட்டையொன்றையும் வகுத்தளித்தார். தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்தலாகாது என்ற கொடுமைக்கு எதிராக எழுந்த தோள்சீலைக் கிளர்ச்சி 1859இல் அரச பிரகடனம் வரும்வரை நீண்டது. ஆதலின் ஒரு சட்டையைத் தைப்பது அங்கே வெறுந் தையல் அன்று. அது மானத்தின் வழக்கு. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிதற்கு நெடுங்காலம் தடையிருந்தது. அவ்வழக்கம் நிலவிய நாட்டில், ஊசி எவர் கைக்குச் சென்றது, எவர் கைக்குச் செல்லவில்லை என்பதும் வரலாற்று வினாவேயாம்.

கத்தோலிக்கர் பக்கத்தில் போர்தோ நகரத்துத் திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து கன்னியர்மடத்தையும் பாடசாலையையும் நிறுவினர். தீவகத்தில் ஊர்காவற்றுறையும் கரம்பனும் கத்தோலிக்கர் செறிந்த இடங்கள். கன்னியர்மடங்களில் பலிபீட விரிப்பின் ஓரமும், குருக்களின் வெண்ணுடையின் ஓரமும் ரேந்தையால் அழகுபெறும். கோயிற் பணிக்கெனப் பழகிய கை வீட்டுக்கும் அதனைக் கொண்டுசென்றது. ஆட்சியினரின் கொள்கையும் இதற்குத் துணையாயிற்று. இங்கிலாந்தில் 1862இல் வந்த கல்விச் சட்டக்கோவை பெண்பிள்ளைகளுக்குத் தையலைக் கட்டாயமாக்கிற்று. இலங்கையில் 1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் தோன்றி, மிசன் பாடசாலைகள் உதவிநன்கொடை பெறத் தொடங்கின.

கொக்கியூசி வென்ற காரணம்

மேனாட்டுப் பின்னல் வகைகள் பல இருக்க, தீவகத்தில் குறோசேயே பரவியதற்குக் காரணம் யாது? விடை அதன் அமைப்பிற் கிடக்கின்றது. தலையணை ரேந்தைக்குப் பல மரக்கோல்களும் நிலையான இடமும் வேண்டும். நிற்றிங் எனப்படும் இணையூசிப் பின்னலுக்கு இரு நீண்ட ஊசிகள் வேண்டும்; ஒரு வரிசைக் கண்கள் அனைத்தும் ஊசியில் ஒருங்கே தொங்கும்; ஒன்று நழுவினால் கீழ்க்கண்களும் ஒன்றன்பின் ஒன்றாக இழியும். குறோசேக்கு வேண்டுவது முனை வளைந்த சிறு ஊசியொன்றும் ஒரு நூலுருண்டையுமே. ஒரு நேரத்தில் உயிரோடிருப்பது ஒரே கண். சங்கிலியாகத் தொடங்கி, வளைத்துக் கோத்து, வட்டமாகவோ சதுரமாகவோ வளர்க்கலாம். உலை கொதிக்கும்போதும் பிள்ளை அழும்போதும் ஊசியை உருவி வைத்துவிட்டு எழலாம். திரும்பி வந்து அக்கண்ணை ஊசியிற் கொளுவித் தொடரலாம். இடையறவே வேலையாக வாழும் பெண்ணுக்கு இதைவிடப் பொருந்திய கைத்தொழில் இல்லை.

அயர்லாந்தில் இதன் ஆற்றல் புலப்பட்டது. 1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்கு நோயால் அந்நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, கன்னியர்மடங்களும் அறச்சிந்தையுடைய மாதரும் குடிசைப் பெண்களுக்குக் குறோசே கற்பித்தனர். ஊசியால் மாதக்கணக்கிற் செய்த ரேந்தையின் சாயலை இது பல மடங்கு விரைவில் தந்தது. அதனை விற்றுப் பல குடும்பங்கள் பட்டினியிலிருந்து தப்பின. கப்பலேறப் பணமும் சில குடும்பங்களுக்குக் கிட்டிற்று. மடங்களின் வழியே இவ்வனுபவம் உலகெங்கும் பரவியது.

வெப்பமும் உவர்க்காற்றும் உள்ள தீவுகளுக்குக் கம்பளி ஏற்றதன்று. பருத்தி நூலே ஏற்றது. 1844இல் இங்கிலாந்தில் யோன் மேர்சர் என்பார் பருத்தியைக் காரத்தில் தோய்த்து வலுப்படுத்தும் முறையைக் கண்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் அம்முறை சீர்பெற்றுப் பளபளக்கும் நூல் பிறந்தது. டி.எம்.சி., கோட்ஸ் ஆகிய பெயர்கள் பொறித்த நூலுருண்டைகள் கடைகளுக்கு வந்தன. மேசை விரிப்பு, தட்டு மூடி, தலையணை உறையின் ஓரம், கதிரைச் சாய்வின் மூடி, ஓரத்தில் மணி கோத்த பால்செம்பு மூடி, குழந்தையின் தொப்பி, சட்டைக் கழுத்தின் ரேந்தை என வீட்டுப் பொருள்கள் பெருகின. மணி கோத்தது அழகுக்கு மட்டுமன்று. கடற்காற்றில் மூடி பறவாதிருக்க அந்தப் பாரம் வேண்டும்.

நிற்றிங் பின்தங்கினும் அறவே ஒழியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் யாழ்ப்பாணத்தார் மலாயாவில் புகையிரதத்திலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்குச் சென்றனர். இலங்கையின் மலைநாட்டிலும் அலுவல் பார்த்தனர். நுவரெலியாவின் குளிருக்குக் கம்பளிச் சட்டை வேண்டியிருந்தது. பிறந்த குழந்தைக்குக் கம்பளித் தொப்பியும் காலுறையும் பின்னும் வழக்கமும் நிலைபெற்றது.

சைவப் பாடசாலைகளும் மாதர் சங்கங்களும்

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். எனினும் பெண்கல்வியில் சைவர் பிந்தியே முயன்றனர். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் மகளிர் கல்லூரியை நிறுவியதும், 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியதும் இக்குறையை நீக்கப் பெரிதும் உதவின. மிசன் பாடசாலையில் வளர்ந்த கைப்பணி சைவ மகளிர் பாடசாலையிலும் இடம்பெற்றது; மதத்தை மறுத்தோர் ஊசியை மறுத்திலர்.

1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்து கதருக்கு நிதி திரட்டினார். உடுவில் மகளிர் கல்லூரியிலும் இராமநாதன் மகளிர் கல்லூரியிலும் உரையாற்றினார். அவர் போற்றிய இராட்டினத்தின் நோக்கு வேறு, ரேந்தையின் நோக்கு வேறு. இராட்டினம் ஏழையின் அரையாடைக்கு நூல் தருவது. ரேந்தை பெரும்பாலும் பிறநாட்டு நூலால் வீட்டை அணிசெய்வது. கைத்தொழில் பொழுதுபோக்கா, பிழைப்பா என்னும் வினா அன்று முதல் கூர்மை பெற்றது.

அவ்வினாவுக்குச் செயலால் விடை தேடியவர் மேரி இரத்தினம் அம்மையார். கனடாவிற் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து, இலங்கையில் மருத்துவப் பணி புரிந்த அவர், கனடாவின் கிராம மாதர் சங்கங்களை மாதிரியாகக் கொண்டு 1930ஐ அடுத்து இலங்கை மகிளா சமித்தியைத் தோற்றுவித்தார். உடல்நலம், வீட்டுத்தோட்டம், கைப்பணி ஆகியவற்றைக் கிராமப் பெண்கள் தம் ஊரிலேயே கற்கும் வழி அது. 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அதன் பின்னர் கிராமந்தோறும் எழுந்த மாதர் சங்கங்களிற் பன்னவேலையும் குறோசேயும் ஒரே கூரையின்கீழ் வந்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டதும் ஓலைப் பின்னலுக்கு ஓர் அரச நிறுவனம் துணையாயிற்று. நூற்பின்னலுக்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை.

கூலியும் மதிப்பும்

ஆந்திர நாட்டுக் கோதாவரிக் கரையிலுள்ள நரசாப்பூர் ஓர் எச்சரிக்கை. 19ஆம் நூற்றாண்டில் மிசனரிமார் கற்பித்த குறோசே அங்கே பெரும் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜேர்மன் சமூகவியலறிஞர் மரியா மீஸ் அதனை ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்கள் வீட்டுவேலைக்கு மேலாக நாள்தோறும் பல மணிநேரம் பின்னினர். ஆயினும் அவர்கள் வீட்டில் சும்மா இருப்போராகவே கணிக்கப்பட்டனர். வணிகரும் ஏற்றுமதியாளரும் ஆண்கள், இலாபம் அவர்க்கே. ‘ஓய்வுநேர வேலை’ என்னும் பெயரே கூலியைக் குறைக்கும் கருவியாயிற்று என்பது அவர் கண்ட உண்மை. 2024இல் நரசாப்பூர் குறோசே ரேந்தைக்கு இந்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளுக்குப் பெயர் கிடைத்தது. பின்னிய பெண்ணுக்கு உரிய கூலி கிடைப்பதே இனி வேண்டுவது.

யாழ்ப்பாணத்தவர்க்கு இதிற் சிந்திக்க இடமுண்டு. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை பெண் கொண்டுவரும் சீதனத்தையும், மணவாழ்க்கையில் ஈட்டும் தேடியதேட்டத்தையும் வேறுபிரித்து, தேடியதேட்டத்திற் கணவனுக்கும் மனைவிக்கும் பங்குண்டு என்று கொண்டது. உழைப்பால் வரும் பொருளிற் பெண்ணுக்குப் பங்குண்டு என்னும் நெறி இந்நாட்டில் அத்துணைப் பழமையானது. அந்நெறியின்படி நோக்கின், கடகம் விற்றும் ரேந்தை விற்றும் பிள்ளையின் பாடசாலைச் செலவைத் தாங்கிய பெண்ணின் வருவாய் ‘கைச்செலவுக் காசு’ எனச் சுருங்குதற்கு நியாயமில்லை.

போரும் பெயர்வும்

1990ஆம் 1991ஆம் ஆண்டுகளில் போர் தீவகத்தைத் தாக்கியபோது மக்கள் பெருந்தொகையினராக ஊரைவிட்டு அகன்றனர். 1995இல் யாழ்ப்பாணமும் பெயர்ந்தது. படகிலும் மிதிவண்டியிலும் கொண்டுசெல்லத்தக்கவை சிலவே. காணி உறுதியும் நகையும் பிறப்புப் பத்திரமும் முந்தின. மேசை விரிப்புகளும் பெட்டிகளும் கூரையற்ற வீடுகளிற் கிடந்து மழைக்கும் கறையானுக்கும் இரையாயின. ஏடுகள் அழிந்தமைக்கு வருந்தியோர் பலர். பெண்களின் கைப்பணி அழிந்ததையும் ஓர் இழப்பாக எண்ணினார் சிலரே.

ஆயினும் கை அழிந்திலது. 1983க்குப் பின்னர் கனடா, நோர்வே, சுவிற்சர்லாந்து முதலிய குளிர்நாடுகளிற் குடியேறிய தமிழர்க்குக் கம்பளி நாளாந்தத் தேவையாயிற்று. வெப்பநாட்டில் ஒதுங்கியிருந்த இணையூசிப் பின்னல் பனிநாட்டிற் பயன்பெற்றது. கனடாவின் மாதர் சங்கத்தை மாதிரியாக வைத்து இலங்கையிற் பரவிய கைப்பணி, ஈழத்துப் பேர்த்தியாரின் கையோடு கனடாவுக்கே சென்று சேர்ந்தது வரலாற்றின் ஒரு வியத்தகு வளைவு. ஊருக்கு மீண்டோரிடையே, போரிற் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்குக் கைப்பணி மீண்டும் பிழைப்பின் வழியாயிற்று. பொழுதுபோக்கு எனப்பட்டது இடர்க்காலத்தில் உணவாயிற்று. அயர்லாந்துப் பஞ்சம் கற்பித்த பாடம் தீவகத்திலும் மெய்யாயிற்று.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் துணியப்படும். ஒன்று, ஊசியும் நூலும் பிறநாட்டிலிருந்து வந்தனவேனும், எண்ணிப் பின்னும் விரற்றிறன் வலையிலும் ஓலையிலும் முன்னரே இங்கு முதிர்ந்திருந்தது. இரண்டு, அவ்வூசி பாடசாலையின் வழியே வந்தமையாற் பெண்கல்வியின் வரலாற்றை அதனை விலக்கி எழுதுதல் இயலாது. மூன்று, அதன் மதிப்பைக் குறைத்தது அதன் எளிமையன்று. அதனைச் செய்தவர் பெண் என்பதே.

அரசர் வெட்டிய சாசனம் கல்லில் நிற்கும். ரேந்தையிற் பெயர் பொறிப்பாரில்லை. எஞ்சியுள்ள விரிப்பை விரித்து, அதனைப் பின்னியவர் இன்னார், கற்பித்தவர் இன்னார், நூல் வந்த கடை இன்னது, விற்ற விலை இவ்வளவு என்று வீட்டு முதியவரைக் கேட்டு எழுதிவைத்தல் மாணவர் எவர்க்கும் இயலும். தீவகத்திலிருந்து கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர் விடுமுறையில் ஊர் செல்லும்போது இதனைச் செய்வாராயின், நூற்றாண்டொன்றின் வரலாறு ஒரு தலைமுறைக்குள் அழியாமற் காக்கப்படும். காலந்தாழ்த்தின் விரிப்பு எஞ்சினும் அதனைப் பின்னியவர் பெயர் எஞ்சாது.